மருத்துவரின் ஓரத்தில் ஒரு பென்சில் கோடு

டிரெஸ்டன் நகரில் எல்பே ஆற்றங்கரையோரம், அல்பெர்ட் பாலத்துக்குப் பக்கத்தில், சனிக்கிழமைதோறும் பழைய சாமான் சந்தை கூடுகிறது. கைப்பிடி உடைந்த காபிக் கோப்பை, யாருடையதோ கல்யாணப் புகைப்படம், சாவி தொலைந்த பூட்டு, எல்லாவற்றுக்கும் அங்கே ஒரு விலை உண்டு. வேலைக்காக இந்த ஊருக்கு வந்த புதிதில் பாத்திரம் பண்டம் வாங்கப் போய், பிறகு வேடிக்கை பார்ப்பதற்கென்றே போகப் பழகிவிட்டேன். ஒரு மழை நாளில், பிளாஸ்டிக் தாள் போர்த்திய மேசையில் செங்கல் கனத்தில் ஒரு புத்தகம் கிடந்தது. 1977 அக்டோபரில் தொடங்கி 1978 வரை இதே ஊரில் நடந்த, ‘ஜெர்மன் ஜனநாயகக் குடியரசின் எட்டாவது கலைக் கண்காட்சி’யின் படத் தொகுப்பு. மூன்று யூரோ கேட்டார். பேரம் பேச மனம் வரவில்லை. மழையில் நின்றுகொண்டிருந்த அந்தக் கிழவரின் தொப்பி முழுக்க நனைந்திருந்தது.

வீட்டுக்கு வந்து புரட்டினால், சில படங்களின் ஓரத்தில் பென்சிலால் சிறு கோடு இழுத்திருந்தது. பலசரக்குச் சீட்டில் வாங்கிய சாமானுக்கு நேராக இழுப்போமே, அந்த மாதிரி. மொத்தம் பதினோரு படங்கள். ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன், யாரோ ஒருவர் அந்தக் கண்காட்சியில் சுற்றி வந்து தனக்கு வேண்டியதைக் குறித்துக்கொண்டிருக்கிறார். முதல் கோடு எந்தப் படத்துக்கு என்று பார்த்தபோதுதான் இந்தக் கண்காட்சிகளின் மேல் எனக்கு உண்மையான ஆர்வம் பிறந்தது. அந்தப் படத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கிழக்கு ஜெர்மனி என்ற நாடு இருந்த நாற்பது ஆண்டுகளிலும், அதற்குச் சற்று முன்பு சோவியத் படைகளின் ஆளுகையில் இருந்தபோதும், நாடு முழுவதற்குமான பெரிய ஓவிய, சிற்பக் கண்காட்சி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை டிரெஸ்டனில் நடந்தது. 1946இல் முதலாவது, 1987-88இல் பத்தாவது. பதினோராவது நடக்கவில்லை. நடத்த நாடு இல்லை.

முதல் கண்காட்சியை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது. 1945 பிப்ரவரியில் மூன்று நாள் குண்டுவீச்சில் நகரத்தின் நடுப்பகுதி எரிந்து போயிருந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், ஊர் இன்னும் செங்கல் குவியலாகக் கிடக்கும்போது, வடக்குப் பகுதியில் முன்பு ராணுவ அருங்காட்சியகமாக இருந்த கட்டடத்தில் சுமார் 250 கலைஞர்களின் படைப்புகளை மாட்டினார்கள். யார் படங்கள்? நாஜிகள் ‘சீர்கெட்ட கலை’ என்று முத்திரை குத்தியவர்களின் படங்கள்: கிர்ஷ்னர், பெக்மன், கோகோஷ்கா, டிக்ஸ். இங்கே ஒரு உள்கதை உண்டு. இதே டிரெஸ்டனில், நகராட்சிக் கட்டடத்தின் முற்றத்தில், 1933இலேயே இத்தகைய படங்களைக் கேலி செய்வதற்கென்று ஒரு கண்காட்சி நடந்திருந்தது. மியூனிக்கில் 1937இல் பெரிதாக நடந்ததற்கு அது முன்னோடி. ஓட்டோ டிக்ஸ் இந்த ஊர்க் கலைக் கல்லூரிப் பேராசிரியர் பதவியிலிருந்து அதே 1933இல் துரத்தப்பட்டவர். 1946 கண்காட்சியை ஏற்பாடு செய்தவர்களில் ஒருவரான ஹான்ஸ் குருண்டிக், சாக்ஸன்ஹவுசன் வதைமுகாமிலிருந்து உயிரோடு மீண்டவர். பழிக்கப்பட்ட படங்களைப் பழித்த ஊரிலேயே மறுபடியும் மாட்டியது அழகான காரியம்தான்.

ஆனால் பார்வையாளர்களிடம் கருத்துக் கேட்டு எழுதி வாங்கினார்கள். பெரும்பாலோருக்குப் படங்கள் பிடிக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் நாஜிகளின் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துப் பழகிய கண்கள் ஒரே நாளில் எப்படி மாறும்? அப்போது ஆட்சியிலிருந்தவர்கள் இதிலிருந்து இரண்டு முடிவுகளில் ஒன்றை எடுத்திருக்கலாம். மக்களுக்குக் காலம் கொடுக்கலாம். அல்லது மக்களுக்குப் புரியாததை ஓவியர்கள் வரையக் கூடாது என்று சொல்லலாம். மாஸ்கோவிலிருந்து வீசிய காற்றில் இரண்டாவதுதான் எளிதாக இருந்தது.

சொல்லவரும் பொருளைவிட வடிவத்துக்கே முதலிடம் கொடுப்பதைக் குற்றமாகச் சொல்லும் ‘உருவவாதம்’ என்ற சொல் இங்கே நுழைகிறது. தமிழ்ச் சிற்றிதழ் வாசகர்களுக்கு இது பழகிய சொல். எழுபதுகளில் நம்மூர் இடதுசாரி விமர்சகர்கள் பிடிக்காத கவிதையின் மேல் வீசிய கல். நம்மூரில் அது விழுந்தால் கவிஞனுக்குத் தலையில் புடைப்பு, அவ்வளவுதான். கிழக்கு ஜெர்மனியில் கையில் சுண்ணாம்பு வாளியோடு ஆள் வந்துவிடும். பெர்லினின் ஃபிரீட்ரிக் தெரு ரயில் நிலையத்தில் ஹோர்ஸ்ட் ஸ்ட்ரெம்பெல் 1948இல் ஒரு பெரிய சுவரோவியம் தீட்டியிருந்தார். இடிபாடுகளை அகற்றுவோம், கட்டியெழுப்புவோம் என்பதுதான் அதன் பொருள். இதைவிட அரசுக்கு ஆதரவான பொருள் இருக்க முடியாது. ஆனால் உருவங்கள் சற்றே பிக்காசோவின் சாயலில் இருந்தன. 1951 மார்ச்சில் ஆளும் கட்சியின் மத்தியக் குழு உருவவாதத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. அந்த ஆண்டே சுவரோவியம் பூசி மறைக்கப்பட்டது. ஸ்ட்ரெம்பெல் 1953இல் மேற்குக்குப் போய்விட்டார்.

மூன்றாவது கண்காட்சி அதே 1953இன் தொடக்கத்தில் அல்பெர்டினும் மாளிகையில் திறந்தது. ஸ்டாலின் மறைந்த மார்ச் மாதம் அது. மேசையைச் சுற்றி அமர்ந்து சமாதானத்தைப் பற்றி விவாதிக்கும் குடித்தனக்காரர்கள், தெம்பான கொத்தனார்கள், கூரிய பார்வை கொண்ட சுரங்கத் தொழிலாளர்கள் சுவரெங்கும் நிறைந்திருந்தனர். ஜூன் 16ஆம் தேதி பெர்லினின் ஸ்டாலின் பெருந்தெருவில் கட்டட வேலை செய்த நிஜக் கொத்தனார்கள் வேலை அளவை உயர்த்தியதை எதிர்த்துக் கரண்டியைக் கீழே போட்டார்கள். மறுநாள் நாடெங்கும் கிளர்ச்சி. சோவியத் டாங்கிகள் வந்தன. ஓவியர்கள் தொழிலாளியை வரைந்தார்கள், ஆனால் தொழிலாளி என்ன நினைக்கிறான் என்று யாரும் கேட்கவில்லை. இதைப் பின்னாளில் அந்த ஓவியர்களில் சிலரும் உணர்ந்தார்கள்.

ஐம்பதுகளின் கடைசியையும் அறுபதுகளையும் நான் வேகமாகத் தாண்டுகிறேன், பெரிய அலுப்பு. ஆனால் 1962-63இன் ஐந்தாவது கண்காட்சியிலிருந்து இரண்டு படங்கள் வீடுவீடாகப் போயின. ஹரால்ட் ஹாகன்பெக் வரைந்த, விலங்குக் காட்சிசாலையில் சிவப்புத் தொப்பியோடு நிற்கும் சிறுவன் பீட்டர். வால்டர் வொமாக்கா வரைந்த, கடற்கரை மணலில் அமர்ந்திருக்கும் இளம் காதலர்கள். அச்சுப் பிரதிகள் லட்சக்கணக்கில் விற்றன. சிவகாசிக் காலண்டர் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தக் காதலர்களைப் பார்த்ததும் சொந்தக்காரர்களைப் பார்த்தமாதிரி இருந்தது. அதில் புரட்சியும் இல்லை, உழைப்பும் இல்லை. மக்கள் தங்கள் பணத்தைக் கொடுத்து வாங்கியது எதை என்பதை அரசு கவனித்திருக்க வேண்டும்.

இந்த ஏற்பாடு எப்படி ஓடியது என்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ‘அரசு உத்தரவு போட்டது, ஓவியர் வரைந்தார்’ என்று நாம் கற்பனை செய்துகொள்வது பாதிதான் சரி.

ஓவியராகப் பிழைக்க வேண்டுமானால் முதலில் ஓவியர், சிற்பியர் சங்கத்தில் உறுப்பினராக வேண்டும். 1950இல் தொடங்கிய சங்கம். உறுப்பினர் ஆனால்தான் தனித்தொழில் செய்வதற்கான வரி எண் கிடைக்கும். இல்லாதவர் சட்டப்படி ஓவியரே அல்ல. உள்ளே வந்துவிட்டவருக்கு வாழ்க்கை மோசமில்லை. ஆலைகள், தொழிற்சங்கக் கூட்டமைப்பு, இளைஞர் அமைப்பு, ராணுவம், யுரேனியம் தோண்டிய விஸ்முட் நிறுவனம் எல்லாம் படங்களுக்கு ஆர்டர் கொடுத்தன. ஒப்பந்தம் எழுதுவார்கள். ஓவியர் ஆலைக்குப் போய்த் தொழிலாளர்களோடு பழக வேண்டும். கோட்டுப்படத்தைக் காட்ட வேண்டும். அதைப் பார்த்துவிட்டு, ஹெல்மெட் எங்கே என்று கேட்பவர்களும் உண்டு. பிறகு மாவட்டக் கண்காட்சி, அதன் மேல் நடுவர் குழு, அதைத் தாண்டினால் டிரெஸ்டன். நடுவர் குழுவில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் ஓவியர்களே என்பதைக் கவனிக்க வேண்டும். சங்கத்தின் தலைவராக 1974 முதல் 1988 வரை இருந்த வில்லி சிட்டே, பருத்த நிர்வாண உடல்களைத் தீட்டுவதில் கெட்டிக்காரர். அறுபதுகளின் தொடக்கத்தில் அவரே உருவவாதத்துக்காகத் திட்டு வாங்கிப் பகிரங்கமாகத் தன் தவறை ஒப்புக்கொண்டவர். அடி வாங்கியவர் பின்னாளில் பிரம்பு பிடித்தார் என்று சொல்வது எளிது. அவர் பிரம்பைச் சில சமயம் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார் என்றும் சொல்ல வேண்டும். சக ஓவியரின் படத்தை உள்ளே விட நடுவர் குழுவில் இரவெல்லாம் வாதாடுவதும், அதே குழுவில் இன்னொருவரை மூன்று நிமிடத்தில் வெளியே தள்ளுவதும் ஒரே ஆட்கள் செய்யக்கூடிய காரியம்தான். ஏதாவது ஒரு சங்கத்தின் கூட்டத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1971 டிசம்பரில் ஆளும் கட்சியின் தலைவரான எரிக் ஹொனெக்கர் ஒரு வாக்கியம் பேசினார். சோசலிசத்தின் உறுதியான நிலைப்பாட்டிலிருந்து தொடங்கினால், கலை இலக்கியத்தில் தடைசெய்யப்பட்ட பொருள் என்று எதுவும் இருக்க முடியாது என்பது அதன் சாரம். ‘தொடங்கினால்’ என்ற சொல்லில்தான் முழுச் சூட்சுமமும். ஆனாலும் கதவு கொஞ்சம் திறந்தது. அடுத்த ஆண்டு நடந்த ஏழாவது கண்காட்சியிலிருந்து பெயரும் மாறியது. அதுவரை ‘ஜெர்மன் கலைக் கண்காட்சி’. இனி ‘ஜெர்மன் ஜனநாயகக் குடியரசின் கலைக் கண்காட்சி’. இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றல்ல என்று அரசு முடிவு செய்துவிட்டதற்கு அந்தப் பெயர்ப்பலகை சாட்சி. 1977 கோடையில் மேற்கு ஜெர்மனியின் காஸல் நகரில் நடந்த ஆறாவது டொகுமென்டா என்ற நவீனக் கலைக் கண்காட்சிக்குக் கிழக்கு ஜெர்மன் ஓவியர்களான சிட்டே, பெர்ன்ஹார்ட் ஹைசிக், வெர்னர் ட்யுப்கே, வொல்ஃப்காங் மட்டோயர் ஆகியோரின் படங்கள் போயின. அவர்களைச் சேர்த்ததற்கு எதிர்ப்புத் தெரிவித்துத் தன் படங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டவர்களில் கியோர்க் பாஸலிட்ஸும் ஒருவர். அவரும் இதே சாக்ஸனி மண்ணில் பிறந்து, கிழக்கு பெர்லின் கலைக் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டு மேற்குக்குப் போனவர்.

அந்தக் கோடை முடிந்து அக்டோபரில் திறந்ததுதான் என் கையிலிருக்கும் தொகுப்பின் கண்காட்சி.

முதல் பென்சில் கோடு ஹோர்ஸ்ட் சக்குலோவ்ஸ்கியின் ‘பணிக்குப் பிறகு ஒரு உருவப்படம்’ என்ற 1976ஆம் ஆண்டு ஓவியத்துக்கு. ஒரு பெண் மருத்துவர், வெள்ளை அங்கியைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறார். இரவுப் பணி முடிந்த களைப்பு. பழைய நெதர்லாந்து ஓவியர்களைப்போல ஒவ்வொரு மடிப்பையும் பொறுமையாகத் தீட்டியிருக்கிறார். ஆனால் அந்த மருத்துவர் புன்னகைக்கவில்லை. உழைப்பு மனிதனை உயர்த்துகிறது என்று எல்லாச் சுவரிலும் எழுதிவைத்த நாட்டில், உழைப்பு ஒருத்தியை இப்படிச் சக்கையாகப் பிழிந்திருக்கிறது. கண்காட்சியில் மிக அதிகம் பேசப்பட்ட படங்களில் இதுவும் ஒன்று. இதில் அரசு குற்றம் சொல்லவும் ஒன்றுமில்லை. மருத்துவர் கடமையைச் செய்திருக்கிறார், களைத்துப்போயிருக்கிறார், என்ன தவறு?

அவருக்கு ஓர் அக்காள் உண்டு. மட்டோயர் 1973-74இல் வரைந்த ‘விருது பெற்றவர்’. வயதான தொழிலாளிப் பெண்மணி வெள்ளை விரிப்புப் போட்ட மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். முன்னால் கொஞ்சம் துலிப் மலர்கள். அவ்வளவுதான் படம். விருது கொடுத்தவர்கள், கைதட்டியவர்கள், சகதொழிலாளிகள் யாரும் சட்டகத்துக்குள் இல்லை. தாழ்ந்த கண்களோடு அந்த அம்மாள் தனியாக இருக்கிறார். ஓய்வு பெறும் நாளில் மாலையும் சால்வையுமாகப் பஸ்ஸில் வீடு திரும்பும் நம்மூர் ஆசிரியைகளைப் பார்த்திருக்கிறேன், அதே முகம். அதே மட்டோயர் 1974இல் ‘பழுப்பு நிலக்கரி ஆலையில் நட்பார்ந்த வருகை’ என்று ஒரு படம் வரைந்தார். ஆலையைப் பார்வையிட வந்த பெரிய மனிதர்களின் தலை இருக்க வேண்டிய இடத்தில் பெட்டிகள். பெட்டிகளின் மேல் சிரித்த முகங்கள் வரைந்திருக்கின்றன. இதற்கு விளக்கவுரை தேவையா?

என் தொகுப்பில் இன்னொரு படம்: சிகார்ட் கில்லே தீட்டிய சாரம் கட்டும் தொழிலாளர்களின் கொண்டாட்டம். முகமெல்லாம் சிவந்து, போத்தலும் கையுமாக. உழைக்கும் வர்க்கம் குடித்துவிட்டு ஆடுகிறது, அதுவும் அரசுக் கண்காட்சியில். இதற்கும் பென்சில் கோடு உண்டு.

எண்பதுகளில் நடந்த இரண்டு கண்காட்சிகளுக்கும் தலா பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். நாட்டின் மொத்த மக்கள்தொகையே சுமார் 1.67 கோடி. மேற்கத்திய எழுத்தாளர்கள் இந்த எண்ணைப் பார்த்ததும் உதட்டைச் சுழிப்பார்கள்: பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள், அதனால் கணக்கில்லை என்று. பஸ்ஸில் ஏற்றி வந்தது உண்மை. ஆலைகளில் ‘பிரிகேட்’ என்ற பணிக்குழுக்கள் இருந்தன. சோசலிச உழைப்புக் குழு என்ற பட்டம் பெறக் கலாச்சார நடவடிக்கையும் காட்ட வேண்டும். ஒவ்வொரு குழுவும் நாட்குறிப்பு எழுதும். கண்காட்சிக்குப் போய்வந்து, டிக்கெட்டை அதில் ஒட்டி, நான்கு வரி எழுதினால் வேலை முடிந்தது. பள்ளிக்கூடங்களும் அப்படியே வந்தன.

என்னோடு வேலை செய்யும் ஒருவரின் தாயார் அப்படிப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர். அந்தத் தொகுப்பை அவரிடம் காட்டினேன். முதலில் அவருக்கு நினைவு வந்தது குளிரும், வரிசையும், வாசலில் சாப்பிட்ட பொரித்த தொத்திறைச்சியும்தான். மருத்துவர் படத்தைத் திருப்பியதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருடைய அம்மா செவிலியராக இருந்தவராம். ஆசிரியர் இந்தப் படத்தின் முன் நிறுத்தி, சோசலிச மருத்துவத்தின் தியாகம் என்று எதையோ விளக்க, பின்னால் நின்ற யாரோ, இன்னும் இரண்டு ஆள் வேலைக்குப் போட்டிருந்தால் தியாகம் தேவைப்பட்டிருக்காது என்று முணுமுணுத்தது நினைவிருக்கிறது என்றார். ஆசிரியர் காதில் விழாததுபோல அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட்டாராம்.

இந்த முணுமுணுப்புக்காகத்தான் பத்து லட்சம் பேர் வந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் செய்தித்தாளில் எழுத முடியாத, கூட்டத்தில் பேச முடியாத ஒன்றைச் சுவரில் மாட்டிவைத்து, அதன் முன் பத்துப் பேரை ஒன்றாக நிற்கவைத்தது இந்த அரசுதான். மக்களுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறேன் என்று முப்பது ஆண்டுகள் வகுப்பெடுத்தது. வழிகாட்டிகளை வைத்தது, விவாதங்கள் நடத்தியது, படத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அர்த்தம் உண்டு என்று சொல்லிக்கொடுத்தது. மக்கள் நல்ல மாணவர்கள். ஒரு ஓவியத்தில் துலிப் மலர் வாடியிருக்கிறதா, மேசை காலியாக இருக்கிறதா, யார் யாரைப் பார்க்கவில்லை என்று நுணுகிப் பார்க்கத் தெரிந்த பொதுமக்கள் அதே காலத்தில் பாரிஸிலோ நியூயார்க்கிலோ இத்தனை பேர் இருந்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகமே.

இந்த இடத்தில் மயங்கிவிடக் கூடாது. அந்தச் சுவரில் இடம் கிடைத்தவர்களைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறேன். டிரெஸ்டனிலேயே பிறந்த ஆ. ர. பெங்க், குகை ஓவியம்போல் குச்சி மனிதர்களை வரைந்தவர், சங்கத்தில் சேர்த்துக்கொள்ளப்படவே இல்லை. அவர் படங்கள் ரகசியமாக மேற்குக்குப் போய் அங்கே புகழ்பெற்றன. 1980இல் அவரையே வெளியே அனுப்பிவிட்டார்கள். தன் ஊரில் நடந்த இந்தப் பெருங்கண்காட்சிகளின் வாசலை அவர் எத்தனை முறை கடந்து போயிருப்பார்! லைப்ஸிக்கில் 1984இல் ஆறு ஓவியர்கள், வணிகக் காட்சி நடக்கும் கட்டடத்தில் அதிகாரிகளுக்குத் தெரியாமல் இடத்தை வாடகைக்குப் பிடித்து ‘இலையுதிர்கால சலூன்’ என்று சொந்தக் கண்காட்சி நடத்திவிட்டார்கள். விஷயம் தெரிந்தபோது மூடினால் பெரிய அவமானம் என்ற நிலை. விட்டுவைத்தார்கள்.

பத்தாவது கண்காட்சியில், 1987இல், மட்டோயர் ஒரு சிற்பம் வைத்தார். ‘நூற்றாண்டின் காலடி’. ஒரு கை ஹிட்லர் வணக்கம் போடுகிறது. இன்னொரு கை முஷ்டி மடக்கி உயர்ந்திருக்கிறது. ஒரு கால் வெறுங்காலோடு அகலமாக முன்னே பாய்கிறது. மற்றக் கால் ராணுவப் பூட்ஸில். தலை உடம்புக்குள் புதைந்து கிடக்கிறது. பாசிசத்தை வென்றவர்கள் நாங்கள் என்பதையே தன் பிறப்புச் சான்றிதழாக வைத்திருந்த அரசின் மண்டபத்தில், இரண்டு வணக்கங்களும் ஒரே உடம்பிலிருந்து முளைத்து நின்றன. அடுத்த ஆண்டு மட்டோயர் கட்சியிலிருந்து விலகினார். அதற்கடுத்த ஆண்டு இலையுதிர்காலத்தில் லைப்ஸிக்கின் திங்கட்கிழமை ஊர்வலங்களில் நடந்தார்.

அதன் பிறகு எல்லாம் கிடங்குக்குப் போயின. 1999இல் வைமார் நகரில் இந்தப் படங்களைச் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் தாளின் முன், சந்தைக் கடை மாதிரி நெருக்கியடித்து மாட்டினார்கள், ஓவியர்கள் கொதித்தார்கள். சிலர் படத்தைத் திருப்பிக் கேட்டார்கள். நாஜிகள் காலத்தில் படங்களை மாட்டிக் கேலி செய்த விதத்தை அது நினைவூட்டியதாகப் பலர் சொன்னது மிகையாகத் தோன்றவில்லை. 2017இல் டிரெஸ்டனிலேயே, எங்கள் காலத்துப் படங்களை ஏன் அல்பெர்டினும் சுவரிலிருந்து இறக்கினீர்கள் என்று பெரிய சண்டை மூண்டது. அருங்காட்சியக இயக்குநருக்கு வசவுக் கடிதங்கள் குவிந்தன. 2018இல் அவர்கள் கிழக்கு ஜெர்மன் ஓவியங்களுக்கென்றே தனிக் கண்காட்சி வைத்தார்கள். வசவுக் கடிதம் எழுதும் அளவுக்கு ஓவியத்தின் மேல் மக்களுக்கு உரிமையுணர்வு இருப்பது எனக்கு, வெட்கமில்லாமல் சொல்கிறேன், பொறாமையாக இருந்தது.

பதினோராவது கோட்டைப் பற்றிச் சொல்லவில்லையே. அது ஒரு சின்ன நிலக்காட்சி. பனி படிந்த தோட்டம், வேலி, கருத்த மரம். மனிதர்கள் இல்லை. மற்றப் பத்துக் கோடுகளுக்கும் எனக்கு ஒரு காரணம் கிடைத்திருந்தது. களைப்பு, கிண்டல், தனிமை என்று ஒரு நூல் ஓடுவதாக நம்பினேன். இதற்குக் கிடைக்கவில்லை. வேலி என்பது எல்லைச் சுவரா, பனி என்பது மௌனமா என்று இரண்டு மாலைகள் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நண்பரின் தாயாரிடமே கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

சோபாவுக்கு மேலே மாட்ட நன்றாக இருந்திருக்கும், பிரதி கிடைக்குமா என்று விசாரிக்கக் குறித்து வைத்திருப்பார்கள் என்றார்.